இதயப் பிரிவு நர்ஸ், ஆசிரியை, ஆய்வாளர்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு நர்சிங் பாடம் நடத்த வந்தவள் நான். ஆராய்ச்சி அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. மாணவிகளும் கூட வேலை பார்த்த சிஸ்டர்களும், சில சமயம் டாக்டர்களும் கேட்ட சந்தேகங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பக்கம் கூடக் கூட, கேட்கிற முகம்தான் மாறுகிறது, கேள்வி மாறவில்லை என்று தெரிந்தது. அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே போட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் சில, முன்னால் சொன்னதை நம்பி நிற்கின்றன.

நர்சிங் டீச்சர்னா கிளாஸ் எடுக்குறவங்கதானே மேம், அதுல வார்டும் ஆராய்ச்சியும் எங்கேர்ந்து வந்துச்சு?

வகுப்பறை இந்த வேலையின் வெளியே தெரிகிற பாதி. மாணவர்களை வார்டுக்குக் கூட்டிப்போய், ஒரு நோயாளியின் கட்டிலருகே நிறுத்தி, "இவருக்கு இப்போ என்ன நடக்குது, அடுத்த ஒரு மணி நேரத்துல என்ன ஆகலாம்?" என்று யோசிக்க வைப்பது மறுபாதி. இதயப் பிரிவில் நோயாளியின் நிலை மாற ஒரு நிமிஷம் போதும் என்பதால் அந்த மறுபாதிக்கு இங்கே எடை அதிகம்.

ஆராய்ச்சியும் அந்தக் கட்டிலருகே தொடங்குவதுதான். மாணவி ஒருத்தி "ஏன் இப்படிப் பண்றோம்?" என்பாள். சில கேள்விக்குப் புத்தகத்தில் பதில் இருக்கும். சிலவற்றுக்கு "எப்பவும் இப்படித்தான் பண்ணுவோம்" என்பதைத் தவிர பதிலே இருக்காது. இந்த இரண்டாவது வகையைத் தனியாகக் குறித்து வைத்தேன். என் ஆராய்ச்சி அந்தப் பட்டியலில் இருந்து வந்தது.

குறைஞ்சது எத்தனை வருஷம் இதய வார்டுல இருந்துட்டு டீச்சிங்குக்குப் போகலாம்?

விதிப்படி எத்தனை வருடம் என்பது நாட்டுக்கு நாடு வேறு, அதை உங்கள் நர்சிங் கவுன்சிலிடம் கேளுங்கள். நியாயப்படி எத்தனை என்றால், நர்சிங் ஆய்வாளர் பாட்ரிசியா பென்னர் 1984ல் எழுதியது இன்றும் உதவும். நர்ஸ் ஒருவர் புதியவர் நிலையில் தொடங்கி நிபுணர் வரை ஐந்து படிகள் ஏறுகிறார் என்றார் அவர். ஒரே வகை நோயாளிகளோடு 2, 3 வருடம் இருந்தவர் மூன்றாவது படியில் இருப்பார். அவருக்குத் திட்டம் போட்டு வேலை செய்ய வரும், ஆனால் முழுப் படமும் ஒரே பார்வையில் தெரியாது. அதற்கு இன்னும் கொஞ்ச காலம் வேண்டும்.

பென்னர் சொன்னதில் எனக்குப் பிடித்த சிக்கல் வேறு. ஐந்தாம் படியில் நிற்கிற சிஸ்டர் வாசலில் இருந்தே "அந்த மூணாவது பெட் சரியில்ல" என்பார். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவருக்கே சொல்ல வராது. அனுபவம் ஏற ஏற விளக்கும் திறமை தானாக ஏறிவிடாது, சில பேருக்கு இறங்கவும் செய்யும். அதனால் நான் சொல்வது: மூன்று வருடமாவது இருங்கள், ஆனால் ஒன்றும் தெரியாமல் முழித்த முதல் மாதம் நினைவில் இருக்கும்போதே பாடம் நடத்த வந்துவிடுங்கள்.

இதயப் பிரிவு நர்ஸ்னா மத்தவங்களைவிட ஒசத்தியா? அப்படித்தான் நடந்துக்குறாங்க.

ஒசத்தி கிடையாது. அந்தத் தோரணைக்கு ஒரு வரலாறு மட்டும் உண்டு. 1960க்கு முன் மாரடைப்பு வந்தவர்கள் பொது வார்டுகளில் அங்கங்கே படுத்திருப்பார்கள். இதயத் துடிப்பு தாறுமாறாகி வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் வந்தால், யாராவது கவனிப்பதற்குள் உயிர் போயிருக்கும். பால் ஸோல் 1956ல் மார்புக்கு வெளியிலிருந்தே மின் அதிர்ச்சி கொடுத்து அதை நிறுத்த முடியும் என்று காட்டினார். 1960ல் கௌவென்ஹோவனும் ஜூடும் நிக்கர்பாக்கரும் நெஞ்சை அழுத்தியே ரத்த ஓட்டத்தைத் தக்கவைக்கும் முறையைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஆயுதம் இரண்டும் கைக்கு வந்தாயிற்று. நிமிஷத்துக்குள் கட்டிலருகே அவற்றோடு நிற்கப்போவது யார் என்பதுதான் பாக்கி.

டெஸ்மண்ட் ஜூலியன் 1961ல் இந்த நோயாளிகளை ஒரே இடத்தில் சேர்த்து, பயிற்சி பெற்றவர்கள் விடாமல் கண்காணிக்க வேண்டும் என்று எழுதினார். 1962ல் கன்சாஸ் சிட்டியில் ஹியூஸ் டே அப்படியொரு பிரிவைத் திறந்தார். அதே காலத்தில் ஃபிலடெல்ஃபியாவில் லாரன்ஸ் மெல்ட்ஸர் நடத்திய பிரிவில், துடிப்பைப் படிப்பதும் டாக்டருக்குக் காத்திருக்காமல் ஷாக் கொடுப்பதும் நர்சின் பொறுப்பாயிற்று. அங்கே முன்னால் நின்றவர் ரோஸ் பின்னியோ என்ற நர்ஸ். 1965ல் மெல்ட்ஸரோடும் இன்னொரு டாக்டரோடும் சேர்ந்து நர்சுகளுக்கான கையேட்டை எழுதியதும் அவர்தான்.

நோயாளியைப் பார்த்தவரும் கணக்கு எடுத்தவரும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அங்கே ஒரே ஆள். மூன்றும் தனித்தனி வேலை என்ற எண்ணம் அப்புறம் வந்தது.

எனக்கு ஈசிஜியே வராது மேம். கோடு கோடா இருக்கு. நான் எப்படி அதைச் சொல்லிக்கொடுக்குறது?

நன்றாக வருகிறவர்களைவிட நீங்கள் நன்றாகச் சொல்லிக்கொடுக்க வாய்ப்பு உண்டு, மேலே எத்தனை வருடம் என்ற கேள்விக்குச் சொன்ன காரணத்தால்தான். வடிவங்களை மனப்பாடம் செய்யச் சொல்லித் தொடங்காதீர்கள். காகிதத்தில் ஒரு சின்னக் கட்டம் 0.04 விநாடி, பெரிய கட்டம் 0.2 விநாடி. இரண்டு துடிப்புக்கு நடுவில் எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி 300ஐ அதனால் வகுத்தால், துடிப்பு ஒழுங்காக இருக்கும்வரை, நிமிஷத்துக்கு எத்தனை என்று கிடைக்கும். இந்தக் கணக்கு கைக்கு வந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

அடுத்தது நெஞ்சில் எலெக்ட்ரோடு ஒட்டும் இடம். வி1, வி2 என்ற இரண்டு எலெக்ட்ரோடும் நான்காவது விலா இடைவெளியில், நெஞ்செலும்பின் வலமும் இடமும் வர வேண்டும். கழுத்தெலும்பிலிருந்து குத்துமதிப்பாக இறங்குகிறவர்கள் அதை ஒரு இடைவெளியோ இரண்டோ மேலே ஒட்டிவிடுகிறார்கள். அப்படி எடுத்த ஈசிஜியில் இல்லாத நோய் தெரியலாம். நெஞ்செலும்பில் விரலை வைத்து மேலிருந்து தடவி வந்தால் ஒரு மேடு தட்டுப்படும், அதன் பக்கவாட்டில் இருப்பது இரண்டாவது விலா. அங்கிருந்து எண்ணச் சொல்லுங்கள்.

மூன்றாவதாக, காகிதத்துக்கு முன் ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள். பல் தேய்க்கிற கை ஆட்டம் மானிட்டரில் அப்படியே வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா என்ற ஆபத்தான வேகத் துடிப்பு மாதிரி ஓடும். அவசர மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தால், நோயாளி வாயில் நுரையோடு நம்மை ஆச்சரியமாகப் பார்ப்பார்.

மானிட்டர் அலாரம் கத்திக்கிட்டே இருக்கு, சீனியர் எல்லாம் சத்தத்தைக் குறைச்சிடுறாங்க. ஸ்டூடண்ட்ஸ்கிட்ட என்ன சொல்றது?

சீனியரைக் குறை சொல்லித் தொடங்க வேண்டாம். நர்ஸ் ஆராய்ச்சியாளர் பார்பரா ட்ரூவும் அவர் குழுவும் 2014ல் வெளியிட்ட ஆய்வைக் காட்டுங்கள். ஐந்து தீவிர சிகிச்சைப் பிரிவுகள், 77 படுக்கைகள், 31 நாட்கள். பதிவான எச்சரிக்கைகள் 25 லட்சத்துக்கும் மேல். அதில் காதுக்குக் கேட்டவை மட்டும் ஒரு படுக்கைக்கு ஒரு நாளைக்கு 187. துடிப்புக் கோளாறு என்று கத்திய அலாரங்களில் 12,671ஐ எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். 88.8 சதவீதம் பொய்.

பத்துக்கு ஒன்பது முறை பொய் சொல்கிற ஆளை யார் நம்புவார்? சத்தத்தைக் குறைக்கிறவர் சோம்பேறி என்று சொல்லிவிட்டால் பாடம் அங்கேயே முடிந்துவிடும். எலெக்ட்ரோடைத் தினமும் மாற்றுவது, ஒட்டுவதற்கு முன் தோலைச் சுத்தம் செய்து ஈரம் போகத் துடைப்பது, அலாரம் எல்லையை அந்த நோயாளிக்குத் தகுந்தபடி வைப்பது என்று செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. துடிப்பையே ஒழுங்கில்லாமல் ஆக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவருக்கு "ஒழுங்கற்ற துடிப்பு" என்று நாள் முழுக்க ஒரு அலாரம் அடித்து என்ன பயன்?

அப்போ மானிட்டரை நம்பக்கூடாதா?

நம்பலாம், கையை விட்டுவிட்டு நம்பக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நோயாளிக்கு, இதயத் துடிப்பைக் குறைக்கும் டிகாக்ஸின் மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. கொடுப்பதற்கு முன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒரு நிமிஷம் முழுக்க எண்ண வேண்டும், பெரியவர்களுக்கு 60க்குக் கீழே இருந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் கேட்க வேண்டும். எனக்கு இது தெரியும், பரீட்சையில் எழுதியவள்தான். மானிட்டர் 104 காட்டியது. கொடுத்துவிட்டேன்.

பத்து நிமிஷம் கழித்து சீனியர் சிஸ்டர் வந்து எண்ணினார். 52. ஒவ்வொரு துடிப்பின் கடைசியிலும் வரும் டி அலை அந்த நோயாளிக்கு உயரமாக இருந்ததால் மானிட்டர் ஒவ்வொரு துடிப்பையும் இரண்டாக எண்ணியிருக்கிறது. டாக்டரிடம் சொல்லி இரவு முழுக்கக் கூடவே உட்கார்ந்திருந்தோம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை ஒவ்வொரு புது பேட்ச் மாணவர்களிடமும் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

ஸ்டூடண்ட் ஒருத்தி தப்புப் பண்ணிட்டா. வார்டுல எல்லார் முன்னாடியும் திட்டலாமா, தனியா கூப்பிட்டுச் சொல்லணுமா?

நோயாளிக்கு ஆபத்து நெருங்கினால் யார் முன்னாடி என்று பார்க்காதீர்கள். கலக்காத பொட்டாசியம் குளோரைடைச் சிரிஞ்சில் ஏற்றி நரம்பு ஊசிப் பக்கம் கொண்டு போகிற கையை, பிடித்துத்தான் நிறுத்த வேண்டும். நேராக ஏற்றினால் இதயம் நின்றுபோகும். அந்த இடத்தில் மரியாதைக்கு நேரம் கிடையாது.

ஆபத்து போனபின் தனியாக உட்காருங்கள். "ஏன் இப்படிப் பண்ணே?" என்று தொடங்கினால் அழுகைதான் வரும். "ட்ராலியில என்ன பார்த்தே, என்ன நினைச்சே?" என்று கேட்டால் நடந்தது வெளியே வரும். ஒரே அளவு, ஒரே நிற மூடியுள்ள இரண்டு மருந்துக் குப்பி பக்கத்துப் பக்கத்தில் இருந்தது என்று தெரியலாம். அது அந்தப் பெண்ணின் தப்பு மட்டும் இல்லையே. என் டிகாக்ஸின் கதையை அப்போதுதான் இரண்டாம் தடவை சொல்வேன். வெட்கம் கொஞ்சம் பங்கு போனால் மிச்சம் பேச்சு சுலபம்.

பொம்மையில சிபிஆர் பண்ணிக் கத்துக்கிட்டா நிஜ ஆள்கிட்ட வருமா? சும்மா விளையாட்டு மாதிரி இருக்கு.

ஆஸ்முண்ட் லேர்டால், நெஞ்சை அழுத்திப் பழகும் சிபிஆர் பொம்மையைக் கொண்டுவந்தது 1960ல். இதய ஒலிகளைக் கேட்டுப் பழகுவதற்கென்றே ஹார்வி என்ற பொம்மை 1968ல் மயாமி பல்கலைக்கழகத்தில் வந்தது. அதனால் இது புது மோகம் இல்லை. அமெரிக்காவில் பத்து நர்சிங் கல்லூரிகளில் நடத்திய பெரிய ஆய்வு 2014ல் வெளிவந்தது. வார்டுப் பயிற்சி நேரத்தில் பாதி வரை நல்ல தரமான சிமுலேஷனாக, அதாவது பொம்மையும் பாவனைச் சூழலும் வைத்த பயிற்சியாக, மாற்றினாலும் படிப்பு முடிவில் மாணவர்களின் திறமையில் வித்தியாசம் தெரியவில்லை. "நல்ல தரமான" என்ற இரண்டு வார்த்தையை நிர்வாகம் வசதியாக மறந்துவிடும், நீங்கள் மறக்காதீர்கள். பயிற்சி பெற்ற ஆசிரியரும், ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் உட்கார்ந்து பேசுகிற நேரமும் இருந்தால்தான் அந்த முடிவு பொருந்தும். பூட்டிய அறையில் விலை உயர்ந்த பொம்மை தூங்கிக்கொண்டிருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெரியவர்களுக்கு நெஞ்சை 5லிருந்து 6 சென்டிமீட்டர், நிமிஷத்துக்கு 100லிருந்து 120 முறை அழுத்த வேண்டும் என்பது எல்லோருக்கும் வாய்ப்பாடம். கை அதைச் செய்கிறதா என்பதை அளவு காட்டும் பொம்மையில்தான் பார்க்க முடியும். இன்னொன்று, சிபிஆர் திறமை மூன்று முதல் ஆறு மாதத்திலேயே மங்கத் தொடங்கிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நாள் முழுக்கப் பயிற்சி எடுப்பதைவிட மாதம் ஒரு முறை பத்து நிமிஷம் அழுத்திப் பார்ப்பது மேல் என்பது என் கட்சி.

நோயாளிக்குச் சொல்லிக்கொடுக்குறதும் டீச்சிங்ல சேருமா? அது டிஸ்சார்ஜ் அன்னிக்கு ஒரு பேப்பர் குடுக்குற வேலைதானே?

அந்த ஒரு பேப்பர்தான் பலரைத் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருகிறது. இதயச் செயலிழப்பு உள்ளவர் வீட்டுக்குப் போனபின் தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை போட்டதில்லை, தண்ணீர் சேர்கிறது. உடனே தெரிவிக்க வேண்டும். இதைப் பேப்பரில் எழுதிக் கொடுத்தால் மடித்துப் பையில் வைப்பார்கள். "நாலாம் நாள் காலையில மெஷின் ரெண்டரை கிலோ கூடக் காட்டுது, என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டு அவர் வாயால் பதில் வாங்கினால்தான் சொல்லிக்கொடுத்ததாகக் கணக்கு.

1995ல் மைக்கேல் ரிச் குழு 282 முதியவர்களிடம் இதைச் சோதித்தது. ஒரு நர்சை முன்னிறுத்தி, நோயைப் பற்றிய விளக்கம், உணவு ஆலோசனை, மருந்துகளைச் சீர்செய்தல், வீட்டுக்குப் போனபின் விடாத தொடர்பு என்று கொடுத்தார்கள். அந்தக் குழுவில் 90 நாட்களுக்குள் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வருவது கணிசமாகக் குறைந்தது. மாணவர்களுக்கு நான் வைக்கும் தேர்வுகளில் கடினமானது, ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிஷத்தில் தண்ணீர் மாத்திரையை, அதாவது உடம்பில் சேர்ந்த நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரையை, விளக்குவது. ஈசிஜியில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவர்கள் அங்கே திணறுவார்கள்.

ஆராய்ச்சிக்கு டாபிக் கிடைக்கலை மேம். பழைய தீசிஸ் பார்த்து ஒண்ணு எடுத்துக்கட்டுமா?

பார்க்கலாம், எடுக்க வேண்டாம். ஜீன் மெக்ஸ்வீனி என்ற நர்ஸ், மாரடைப்பு வந்த பெண்களிடம் உட்கார்ந்து அவர்கள் கதையைக் கேட்டார். "நெஞ்சுவலிக்கு முன்னாடியே உடம்பு வேற மாதிரி இருந்துச்சு" என்று அவர்கள் சொன்னதை அசட்டை செய்யாமல் கேள்விப் பட்டியலாக்கி, 515 பெண்களிடம் விசாரித்து 2003ல் வெளியிட்டார். 95 சதவீதம் பேருக்கு முன்கூட்டியே ஏதாவது அறிகுறி இருந்திருக்கிறது. அதில் முதலிடம் வழக்கத்துக்கு மாறான அசதிக்கு, 70.7 சதவீதம். அடுத்து தூக்கக் கோளாறு, 47.8. மாரடைப்பு வந்த நேரத்தில்கூட 43 சதவீதம் பேருக்கு நெஞ்சுவலி இல்லை.

நாம் எத்தனை பெண்களிடம் "அசதிதானே, ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லியிருப்போம்! தலைப்பு அங்கே இருந்தது, பழைய தீசிஸ் அலமாரியில் இல்லை. டியூட்டி முடியும்போது "இன்னிக்கு எனக்குப் புரியாதது எது?" என்று ஒரு வரி எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துப் புரட்டினால் ஒரே கேள்வி ஐந்து தடவை வந்திருக்கும். உங்கள் தலைப்பு அதுதான்.

சும்மா நாலு பேர்கிட்ட பேசி எழுதுறதெல்லாம் ஆராய்ச்சியா? நம்பர் வேணாமா?

மெக்ஸ்வீனி முதலில் கதை கேட்டார், அப்புறம் எண்ணினார். கதை கேட்காமல் நேரே எண்ணப் போயிருந்தால் நெஞ்சுவலியைத்தான் எண்ணியிருப்பார், அசதி அந்தப் படிவத்திலேயே இருந்திருக்காது. எதை எண்ணுவது என்று தெரியாதபோது பேச வேண்டும். தெரிந்தபின் எண்ண வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி ஒழுங்கு உண்டு, பேட்டி ஆய்வு சுலபம் என்று நினைத்து அதில் இறங்குகிறவர்கள் சீக்கிரமே விழித்துக்கொள்வார்கள்.

எனக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சுத்தமா வராது.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலைக் கையில் விளக்கோடு மட்டும் நமக்குக் காட்டிவிட்டார்கள். போரில் காயத்தால் இறந்தவர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோயால் இறந்த படைவீரர்களே அதிகம் என்பதை 1858ல் வட்ட வரைபடம் போட்டு அதிகாரிகளுக்குப் புரியவைத்தவர் அவர். நம் தொழிலின் தாய் கணக்குக்காரி. சூத்திரத்தைப் புள்ளியியல் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் தரவு சேகரிக்கும் முன்பே அவரிடம் போங்கள். முடித்துவிட்டுப் போனால் அவரால் இரங்கல்தான் சொல்ல முடியும்.

என் கிளாஸ் பிள்ளைங்களையே ஆய்வுல சேர்த்துக்கலாமா? அவங்க மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க.

உங்கள் கேள்வியின் இரண்டாவது வரிதான் சிக்கலே. இன்டர்னல் மார்க் போடுகிறவர் கேட்டால் "சரி மேம்" என்பது சம்மதம் ஆகாது. நெறிமுறைக் குழு முதலில் பார்ப்பது இதைத்தான்.

வழி உண்டு. ஆய்வைப் பற்றி விளக்கிக் கையெழுத்து வாங்குவது வேறொருவராக இருக்கட்டும், முடிந்தால் மாணவர்களுக்கு மார்க் போடாத ஒருவர். யார் சேர்ந்தார், யார் சேரவில்லை என்பது மதிப்பெண் முழுக்கப் போட்டு முடியும் வரை உங்களுக்குத் தெரிய வேண்டாம். புதுக் கற்பித்தல் முறை நல்லது என்று வந்தால், கிடைக்காத குழுவுக்கும் பிறகு அதைக் கொடுங்கள். இதே கண்ணோடு வார்டையும் பாருங்கள். தன்னைக் குளிப்பாட்டி மருந்து கொடுக்கிற நர்ஸ் படிவத்தை நீட்டினால் நோயாளி மறுப்பாரா?

ரெண்டு வருஷம் உழைச்சேன், கடைசியில 'வித்தியாசம் இல்லை'ன்னு வந்துடுச்சு. வேஸ்ட்தானே?

மேலே சொன்ன பத்துக் கல்லூரி சிமுலேஷன் ஆய்வை மறுபடி பாருங்கள். அதன் முடிவே "வித்தியாசம் இல்லை" என்பதுதான், அதை வைத்துத்தான் பாடத்திட்டங்கள் மாறின. ஆனால் ஒரு எச்சரிக்கை: முப்பது பேரை வைத்துப் பார்த்துவிட்டு வித்தியாசம் இல்லை என்று சொன்னால், இல்லாததால் தெரியவில்லையா, ஆள் போதாததால் தெரியவில்லையா என்று யாருக்கும் தெரியாது. எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கை முன்பே போட்டிருக்க வேண்டும். புள்ளியியல்காரரிடம் முதலிலேயே போகச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

நாம் எதிர்பார்த்ததற்கு நேர் எதிராக வருவது இன்னும் பெரிய விஷயம். மாரடைப்புக்குப் பின் வரும் உபரித் துடிப்புகளை மாத்திரையால் அடக்கினால் திடீர் மரணம் குறையும் என்று எல்லோரும் நம்பினோம். எதற்கும் பார்ப்போம் என்று காஸ்ட் என்ற ஆய்வை நடத்தினார்கள். ஃப்ளெக்கைனைட், என்கைனைட் என்ற அந்த மாத்திரைகளைச் சாப்பிட்டவர்கள், மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அதிகம் இறந்ததால் 1989ல் அந்தப் பகுதியை நிறுத்தினார்கள். துடிப்பு அடங்கியது உண்மை. ஆள் பிழைக்கவில்லை.

டாக்டர் ஒருத்தர், டேட்டா நான் எடுக்கணும், பேர் முதல்ல அவரோடதுன்னு சொல்றார். ஒத்துக்கவா?

மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு ஆசிரியர் பெயருக்கு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது. திட்டமிடுவதிலோ தரவிலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்பது. நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். துறைத் தலைவர் என்ற பதவி அந்தப் பட்டியலில் இல்லை. வெறுமனே தரவு எடுத்துக் கொடுப்பதும் போதாது, அதனால் உங்கள் பங்கு தரவோடு நிற்கிறதா என்று உங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சண்டை போடாமல் தீர்க்க ஒரே வழி, முதல் நாளே பேசுவது. யார் என்ன செய்வார், பெயர் எந்த வரிசை என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் மின்னஞ்சலில் ஒப்புக்கொள்ளுங்கள். கேட்க எனக்கும் வாய் வராமல் ஒரு கட்டுரையில் பெயரை இழந்திருக்கிறேன். அடுத்த கட்டுரையிலிருந்து கேட்கிறேன்.

டிகிரி படிச்ச நர்ஸ் இருந்தா நோயாளி பிழைக்குறாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா, இல்ல காலேஜ் நடத்துறவங்க கிளப்பி விட்டதா?

லிண்டா ஐக்கன் குழு ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவை ஆராய்ந்து 2014ல் வெளியிட்டது. ஒரு நர்சுக்கு ஒரு நோயாளி கூடினால், சேர்ந்த 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. பட்டப்படிப்பு முடித்த நர்சுகளின் பங்கு 10 சதவீதம் கூடினால் அதே வாய்ப்பு 7 சதவீதம் குறைந்தது.

இது நடப்பதைப் பார்த்துக் கணக்கெடுத்த ஆய்வு, பரிசோதனை இல்லை. பட்டதாரிகளை அதிகம் வேலைக்கு வைக்கும் ஆஸ்பத்திரி வேறு பலதையும் நன்றாகச் செய்யலாம். அவர்களும் அதைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்துதான் பார்த்தார்கள், என்றாலும் "டிகிரிதான் காரணம்" என்று அடித்துச் சொல்லத் தயங்குவேன். இன்னொரு பக்கம், இரண்டாவது எண்ணை விளம்பரத்தில் போடுகிறவர்கள் முதல் எண்ணைப் போடுவதில்லை. பத்து நோயாளியைத் தலையில் கட்டினால் முனைவர் பட்டம் வாங்கியவரும் ஓடத்தான் முடியும், கவனிக்க முடியாது.

பிஎச்டி முடிச்சா வார்டை விட்டுடணுமா? விடலைன்னா எப்படி சமாளிக்கிறது?

விடச் சொல்லி யாரும் கடிதம் தர மாட்டார்கள். கமிட்டி, தேர்வுத்தாள், கட்டுரைக் கெடு என்று ஒவ்வொன்றாக வந்து இடத்தைப் பிடிக்கும், ஒரு நாள் மருந்தை அளவாக ஏற்றும் புது இன்ஃப்யூஷன் பம்ப்பை எப்படி ஆன் செய்வது என்று மாணவியிடம் கேட்டு நிற்போம். நான் நின்றேன். அன்றைக்கு அவள்தான் டீச்சர்.

அதன்பின் மாதம் இரண்டு நாள் முழு ஷிப்ட் வார்டில் என்று வைத்துக்கொண்டேன், மேற்பார்வைக்கு என்று இல்லாமல், நோயாளியை ஒப்படைத்துக்கொண்டு வேலை செய்ய. நான்கு வருடம் தாக்குப்பிடித்தது. அப்புறம் ஒரு நாளாகக் குறைந்தது. மூன்றையும் ஒரே நேரத்தில் முழு அளவில் செய்கிறேன் என்பவரை நம்பாதீர்கள். தவணை முறையில்தான் நடக்கும்: சில வருடம் வார்டு மேலோங்கும், சில வருடம் ஆராய்ச்சி.

நீங்க வருஷக்கணக்கா சொல்லிக்கொடுத்ததே தப்புன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க மேம்?

தெரிந்தது. மாரடைப்பு என்று யார் வந்தாலும் உடனே ஆக்சிஜன் மாஸ்க் என்று வருடக்கணக்கில் நடத்தினேன். கேட்டால் பதிலும் தயார்: இதயத் தசைக்கு ஆக்சிஜன் போதவில்லை, அதனால் கொடுக்கிறோம். 2017ல் ஸ்வீடனில் 6,629 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வு வந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 சதவீதமோ மேலோ இருந்தவர்களுக்கு மாஸ்க் போட்டாலும் போடாவிட்டாலும் ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுதான், 5.0, 5.1 சதவீதம். இப்போது 90க்குக் கீழே இறங்கினால்தான் கொடுக்கச் சொல்கிறார்கள்.

அடுத்த வகுப்பில் பழைய குறிப்பைத் திரையில் போட்டு, மாணவர்கள் முன்னாலேயே கோடு போட்டு அடித்தேன். நடத்தி அனுப்பியவர்களுக்குத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. தொடர்பில் இருந்த பழைய மாணவிகளுக்கெல்லாம் "நான் சொன்னதை மாற்றிக்கொள்ளுங்கள்" என்று எழுதினேன். பலர் நன்றி சொன்னார்கள். ஒருத்தி மட்டும் இப்படிப் பதில் போட்டாள்: "மேம், போன மாசமே மாத்திட்டோம். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிட்டு இருந்தேன்."